எந்தப் பத்திரிகை, தம்பி?

பங்குனி மாதம் புனர்பூசத்தன்று திருமழபாடிக்குப் போயிருக்கிறீர்களா? கொள்ளிடக் கரையில் இருக்கும் வைத்தியநாத சுவாமி கோயிலில் அன்றைக்கு நந்தியெம்பெருமானுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரோடு ஆற்றைத் தாண்டி வருவார். பொண்ணு, சுயசாம்பிகை. 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்பது அந்தப் பக்கத்துச் சொலவடை. அதனால் வரன் தேடுகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களுமாகக் கூட்டம் நெரியும்.

ஒருமுறை அந்தக் கூட்டத்தில் ஒரு தம்பியைப் பார்த்தேன். கழுத்தில் இரண்டு கேமரா, முதுகில் ஒரு மூட்டை. மேடைக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே பிரஸ் மட்டும்.

"எந்தப் பத்திரிகை, தம்பி?"

"ஃப்ரீலான்ஸ் சார்."

"அப்படி ஒரு பத்திரிகை வருதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. பிறகு டீக்கடையில் சொன்னார்: "நாலு பத்திரிகைக்குப் படம் கொடுக்கிறேன் சார். படம் வேணும்னா போன் பண்றாங்க. நம்ம ஆளுதான்னு ஒரு லெட்டர் கேட்டா போனை வெச்சிடறாங்க. லெட்டர் இருந்தாத்தான் கார்டு, கார்டு இருந்தாத்தான் நல்ல படம், நல்ல படம் இருந்தாத்தான் லெட்டர்."

நான் பி.காம். படித்தவன். எத்தனையோ பேலன்ஸ் ஷீட் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கணக்கு டேலி ஆகி நான் பார்த்ததில்லை.

திருமழபாடியில் நஷ்டம் ஒரு படத்தோடு போயிற்று. காஷ்மீரில் அப்படிப் போகவில்லை. புல்வாமாவைச் சேர்ந்த ஃப்ரீலான்ஸ் போட்டோகிராஃபர் கம்ரான் யூசுஃப் என்ற இளைஞரை 2017 செப்டம்பரில் என்.ஐ.ஏ. கைது செய்தது. கல்லெறிந்தவர் என்பது புகார். 2018 ஜனவரியில் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அவர் உண்மையான பத்திரிகையாளர் இல்லை என்றும் வாதாடியது. என்ன காரணம் தெரியுமா? ஆஸ்பத்திரி திறப்பு, பள்ளிக்கூடத் திறப்பு, ரோடு, பாலம் என்று அரசின் வளர்ச்சிப் பணி எதையும் அவர் படம் எடுத்ததில்லையாம்! ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். 2022 மார்ச்சில் டெல்லி நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்தே விடுவித்தது. நாலரை வருஷம் போனது போனதுதான்.

ரிப்பன் வெட்டுகிற படம் எடுத்தால்தான் பத்திரிகைக்காரன் என்றால், நம் ஊர் கல்யாண ஸ்டூடியோக்காரர்களுக்கும் கார்டு கொடுத்துவிடலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையாளராக இருக்க இந்தியாவில் லைசென்ஸ் கிடையாது. அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தருகிற கருத்துரிமை உங்களுக்கும் எனக்கும் எடிட்டருக்கும் ஒன்றேதான். அரசு தருகிற அங்கீகார அட்டை ஒரு வசதி. கோட்டைக்குள் போக, அரசு விழாவில் முன்வரிசையில் நிற்க உதவும். அவ்வளவுதான். ஆனால் தெருவில் லத்தியோடு நிற்பவருக்கு, அட்டை இல்லாதவன் பத்திரிகைக்காரனே இல்லை. வசதிக்காக வந்த சீட்டு, தகுதிச் சான்றிதழாக மாறிப்போனது எப்போது?

அந்த அட்டையாவது சுலபமா? மத்திய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அங்கீகார விதிகளின்படி, ஒரு நிறுவனத்தில் முழுநேரமாக வேலை பார்க்கிற கேமராமேனுக்கு 5 வருஷ அனுபவம் போதும். ஃப்ரீலான்ஸருக்கு 15 வருஷம். 22 வயதில் கேமரா தூக்கியவருக்கு அட்டை கேட்கிற தகுதி 37 வயதில்தான் வரும். மாதச் சம்பளம் இல்லாதவன், பி.எஃப். இல்லாதவன், லென்ஸ் உடைந்தால் சொந்தக் காசில் வாங்குகிறவன். அவனுக்குத்தான் மூன்று மடங்கு தண்டனை!

அட்டை யாருக்கு என்று முடிவு செய்கிற குழுவுக்குத் தலைவர், அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத் தலைமை அதிகாரி. உறுப்பினர்களை நியமிப்பதும் அரசுதான். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமே போய் அனுமதிச் சீட்டு வாங்குவது என்ன நியாயம்? கடைக்காரரே தன் கணக்குக்கு ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்து, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்கிற மாதிரிதான் இது.

"அப்படியானால் வண்டியில் பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வசூல் பண்ணுகிறவனை என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போலிகளின் தொல்லை தாங்காமல்தான், தமிழகத்துக்கென்று ஒரு பிரஸ் கவுன்சில் அமைக்கச் சொல்லி 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. போலியைப் பிடிக்கத்தான் வேண்டும். அதற்கு நிறுவன லெட்டர் உதவாது. போலிகளிடம்தான் லெட்டர்பேடு கட்டுக்கட்டாக இருக்கிறது!

வேறு வழி இருக்கிறது. பிரான்ஸில் 1935 சட்டப்படி பிரஸ் கார்டு தருவது, பத்திரிகையாளர்களும் முதலாளிகளும் சரிபாதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு குழு. அங்கே முக்கியக் கேள்வி, 'உன் வருமானத்தில் பெரும்பகுதி இந்தத் தொழிலிலிருந்து வருகிறதா?' என்பது. நாலு பத்திரிகையிலிருந்து வந்ததாக இருந்தாலும் சரி, காட்டினால் கார்டு. பிரிட்டனிலும் பத்திரிகை அமைப்புகளும் சங்கங்களும் சேர்ந்துதான் கார்டு தருகின்றன. ஃப்ரீலான்ஸருக்கும் உண்டு, போலீஸும் ஏற்றுக்கொள்கிறது. வெளியான படங்கள், வாங்கிய சன்மானத்தின் ரசீது. பி.காம். மூளைக்கு இதைவிட நேர்மையான சான்று தெரியவில்லை.

இதில் நம் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. இந்தப் பக்கத்தை அச்சிடுகிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். படத்தை வாங்குகிறவர்கள், 'இவரிடம் படம் வாங்கினோம்' என்று ஒரு வரி எழுதித் தந்தால் யார் சொத்து குறைந்துவிடும்?

வழியை மறித்து நிற்பவர்களை 'நந்தி மாதிரி குறுக்கே நிற்காதே' என்கிறோம். பாவம், நந்தி. சாதியின் பேரால் வெளியே நிறுத்தப்பட்ட நந்தனார் பார்க்கட்டும் என்று திருப்புன்கூரில் அது விலகிக்கொண்டதாகத்தான் கதை. கயிற்றுக்கு வெளியே நிற்கிறவனுக்கும் பார்க்க உரிமை உண்டென்று நந்திக்குத் தெரிந்திருக்கிறது.

கார்டு அடிக்கிறவர்களுக்கு எப்போது தெரியும்?