தோற்ற அணியும் மக்களின் நம்பிக்கையும்

விளையாட்டைப் பற்றிய பேச்சு எழுந்தவுடன் நமது முற்போக்கு அன்பர்களிற் சிலர் முகஞ்சுழிப்பதைக் காண்கிறோம். உழைக்கும் மக்களின் கவனத்தை அவர்தம் வாழ்க்கைப் பிரச்சினைகளிலிருந்து திசைதிருப்பும் மயக்கமருந்தே அது என்பது அவர்களது முடிவு. இம்முடிவில் உண்மை இல்லாமலில்லை. விளம்பர முதலாளிகளும் அரசுகளும் மைதானத்தை எவ்வாறு தம் கைக்கருவியாக்குகின்றனர் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வெல்லும் அணியின் பின்னால் மக்கள் திரள்வதற்கு விளம்பரம் காரணமாகலாம். தோற்றுக்கொண்டேயிருக்கும் அணியொன்றை மக்கள் ஏன் கைவிட மறுக்கின்றனர்? மயக்கமருந்து என்ற விடை இதற்குப் போதாது.

இக்கேள்விக்கு நேர்நின்று முகங்கொடுத்த நூல், சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட ‘பியோண்ட் எ பவுண்டரி’ ஆகும். ‘எல்லைக்கோட்டுக்கு அப்பால்’ என இதனைத் தமிழில் சொல்லலாம். 1901இல் திரினிடாட்டிற் பிறந்த ஜேம்ஸ் மார்க்சியவாதி. ஹெயிற்றி அடிமைகளின் புரட்சியை ‘கறுப்பு ஜக்கோபின்கள்’ என்ற நூலில் (1938) வரலாறாக்கியவர். விளையாட்டு தொழிலாளரை அரசியலிலிருந்து விலக்கிவிடுகிறது என்று ட்ரொட்ஸ்கி கூறியதை அவர் ஏற்கவில்லை. தாம் ஆசானாக மதித்த ஒருவருடனேயே இவ்விடத்தில் அவர் மாறுபடுகிறார். காரணம் எளிது. ஏட்டுப் படிப்பால் அன்றி, வளர்ந்த தெருவாலும் ஆடிய மைதானத்தாலும் அவர் இதனை அறிந்திருந்தார்.

நூலின் சிறந்த பகுதி, திரினிடாட்டின் கிரிக்கெட் கழகங்களைப் பற்றியதாகும். வெள்ளையரும் செல்வரும் ஒரு கழகம். வெளிர்நிற மத்தியதர வர்க்கத்தினரின் ‘மேப்பிள்’ ஒன்று. கறுப்பின ஆசிரியர், எழுதுவினைஞர் போன்றோரின் ‘ஷனொன்’ ஒன்று. கைத்தொழில் செய்து பிழைப்போரின் ‘ஸ்ரிங்கோ’ மற்றொன்று. நிறமும் வர்க்கமும் சேர்ந்து வகுத்த வருணாசிரமம் இது! ஷனொன் களமிறங்கும்போது தன் கழகத்துக்காக மட்டும் ஆடவில்லை. சட்டசபையிற் குரலற்ற ஒரு மக்கட்கூட்டம் முழுவதற்காகவும் ஆடியது. லியறி கொன்ஸ்ரன்ரைன் அவ்வணியிற் பிறந்த மாவீரர். கறுத்த நிறத்தவரான ஜேம்ஸோ மேப்பிளைத் தெரிந்தெடுத்தார். அத்தெரிவு தம்மைச் சாதாரண மக்களிடமிருந்து பிரித்துத் தமது அரசியல் வளர்ச்சியைப் பல்லாண்டு பின்தள்ளியது என்று பின்னர் அவரே ஒப்புக்கொள்கிறார். தன் பிழையைத் தன் நூலிலேயே சாட்சியாக நிறுத்தும் இந்த நேர்மை படித்த வர்க்கத்தினராகிய நமக்கு ஒரு பாடம். நாம் எந்த அணியின் பக்கம் நிற்கிறோம் என்பது வெறும் ரசனைப் பிரச்சினை அன்று.

நூலின் முடிவுப்பகுதியில் மற்றொரு காட்சி வருகிறது. மேற்கிந்தியத் தீவு அணிக்கு ஒரு தொடர் முழுவதற்கும் கறுப்பர் ஒருவர் தலைவராதல் கூடாது என்றிருந்த வழக்கத்தை எதிர்த்து ஜேம்ஸ் பத்திரிகையில் இயக்கம் நடத்தினார். பிராங் வொறெல் தலைவரானார். 1960-61இல் அவுஸ்திரேலியா சென்ற அவ்வணி பிரிஸ்பேனில் டெஸ்ட் வரலாற்றின் முதலாவது சமநிலை ஆட்டத்தை ஆடியது. எனினும் தொடரில் 2-1 எனத் தோற்றது. தோற்ற அணியை வழியனுப்ப மெல்பேர்ண் வீதிகளிற் பெருந்திரளான மக்கள் கூடினர். ஒரு தேசம் உலக அரங்கிற் காலடி வைத்த தருணமாக ஜேம்ஸ் அதைக் காண்கிறார். வெற்றியின்றியும் ஒரு மக்கட்கூட்டம் நிமிர்ந்து நிற்கலாம் என்பதே அதன் பொருள்.

வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து இந்நூலைப் படிக்கும் வாசகன் இவ்விடத்தில் ஒரு கணம் தயங்கவே செய்வான். அதே மெல்பேர்ணில், 1995 டிசம்பர் 26ஆம் நாள், முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு ஏழு முறை முறையற்றதென நடுவரால் அறிவிக்கப்பட்டது. மூன்று மாதங்கழித்து, 1996 மார்ச் 17இல், எவரும் பெரிதாக மதிக்காதிருந்த இலங்கை அணி லாகூரில் அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அவ்வணியில் முரளிதரனும் இருந்தார். ஒடுக்கப்பட்டவன் எழுந்த கதையாக இதைச் சொல்லலாம். தெற்கில் அவ்வாறே சொல்லப்பட்டது.

ஆனால் வன்னியில் அன்று நிலைமை என்ன? 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு ஓடியவர்களிற் பெருந்தொகையினர் கிளாலி கடந்து வந்து மரங்களின்கீழ்க் குடியிருந்தனர். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் தைனமோவைச் சுழற்றியே மக்கள் வானொலி கேட்டனர். உலகக் கிண்ணம் வந்த அதே ஆண்டு செப்ரெம்பரில் கிளிநொச்சியும் இராணுவ நடவடிக்கைக்குள்ளாகி, நகரமக்கள் ஸ்கந்தபுரம், அக்கராயன் எனச் சிதறினர். உலகின் முன் எளியதாய் நின்ற அணியின் கொடியும், இம்மக்களின் முன் வலியதாய் நின்ற அரசின் கொடியும் ஒன்றே. முரளியின் பந்து திரும்பியபோது மகிழ்ந்த நெஞ்சே, அக்கொடியைக் கண்டபோது குறுகியது. இந்த இரட்டை வேதனைக்கு ஜேம்ஸின் நூலில் இடமில்லை.

இது அந்நூலின் பெருங்குறை என்பதே எமது கருத்து. தேசிய அணி தேசத்தின் குரல் என ஜேம்ஸ் நம்புகிறார். ஏகாதிபத்தியத்துக்கு எதிராக எழுந்த தீவுகளில் அந்நம்பிக்கை பொருந்திற்று. தேசத்துக்குள்ளேயே ஒடுக்கப்பட்ட தேசிய இனம் ஒன்று இருக்கும்போது அது பொருந்துவதில்லை. விசுவாசம் உள்ளத்தில் ஊறிவர வேண்டும். தேசபக்தி வரியாக அறவிடப்படுமிடத்தில் அது நம்பிக்கையைத் தராது, அவமானத்தையே தரும். பெண்களைப் பற்றி நூல் காட்டும் மௌனமும் குறையே. போரிற் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த இம்மண்ணில், பாடசாலை மைதானத்திற் பந்தோடு நிற்கும் சிறுமியை விட்டுவிட்டு நம்பிக்கையைப் பற்றி எழுத இயலாது.

அப்படியாயின் ஜேம்ஸை ஒதுக்கிவிடுவதா? அன்று. அவரது ஷனொன் அத்தியாயமே நமக்கு வழிகாட்டுகிறது. தேசிய அணியை விட்டுக் கிராமத்து விளையாட்டுக் கழகத்தை நோக்குவோம். கிளிநொச்சி 1984இலேயே தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்னும் பின்னும், யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளின் புகழின் நிழலிலேயே வன்னிப் பாடசாலைகள் இருந்துவந்தன. 1904 முதல் ஆடப்படும் ‘வடக்கின் பெரும்போர்’ போன்ற மரபுகளும், அவற்றைப் போற்றும் பழைய மாணவரும் பணபலமும் இங்கில்லை. இனக்கலவரங்களால் விரட்டப்பட்டு மலையகத்திலிருந்து வந்து காடுவெட்டிக் குடியேறியோரின் ஊர்களுக்கோ அந்த நிழல்கூட இல்லை. 2009இற் போர் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். இறுதி முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. ஊர் திரும்பியவன் கண்டது கூரையற்ற வீடும் பற்றை மண்டிய வளவும்.

அத்தகைய ஊரொன்றிற் கரப்பந்து வலை கட்டப்படுவதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பதினொருவரைச் சேர்க்கமுடியாத இடத்திலும் ஆறு பேரைச் சேர்க்கலாம்; இரண்டு மரக்கம்பும் ஒரு வலையும் போதும். அவ்வணி வெளியூருக்குச் சென்று தோற்றுத் திரும்பும். அடுத்த கிழமையும் ஊர் அதன்பின்னே செல்லும். சிதறிய ஊரவர் ‘நாங்கள்’ என்று மீண்டும் தம்மை அழைத்துக்கொள்ள அது ஓர் இடந்தருகிறது. அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லிலேயே நம்பிக்கை பிறக்கிறது, புள்ளிக்கணக்கில் அன்று. ஆனால் அந்த ‘நாங்கள்’ யாரை உள்ளடக்குகிறது, யாரைச் சாதியின் பேரால் வெளியே நிறுத்துகிறது என்ற ஷனொன்-மேப்பிள் கேள்வியையும் நாம் விடாது கேட்கவேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். மைதானம் காணியாகிவிடாது, கிண்ணம் நீதியாகிவிடாது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் அமர்ந்தனர். அவ்வாண்டிலேயே கேப்பாப்புலவு மக்கள் தம் நிலத்தைக் கேட்டுத் தெருவோரத்தில் அமர்ந்தனர். அவர்களது உறுதியை விளையாட்டோடு ஒப்பிடுவது சிறுமையாகும். ஆயினும், விடை கிடைக்காத நாளிலும் இடத்தைவிட்டு எழாத அந்த விசுவாசத்தை நமது இளைஞர் விளங்கிக்கொள்வதற்குரிய சிறு பயிற்சிக்களம் ஊர் மைதானத்தில் உண்டு என்பதை மறுக்கமுடியாது. தோல்வியைக் கண்டவுடன் பக்கம் மாறுபவன் அங்கும் நிற்கமாட்டான், இங்கும் நிற்கமாட்டான்.

ஜேம்ஸின் நூலை ஆசிரியர்களும் மாணவர்களும் கற்கவேண்டும். கற்று, அதனோடு வாதிடவும் வேண்டும். நமது மைதானங்களின் கதையை எழுதும் பொறுப்பு நம்முடையது. வென்றவர்களின் பெயரைப் பத்திரிகைகள் எழுதிக்கொள்ளும். தோற்றுத் திரும்பும் உழவு இயந்திரப் பெட்டியில், மறுகிழமை ஆட்டத்தைப் பற்றி உரத்துப் பேசிவரும் பிள்ளைகளை இலக்கியம் எழுதட்டும்.