நேபாளத்தின் துணை மேயர்கள்

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மாவோயிஸ்ட் பக்கம் நின்று துப்பாக்கி ஏந்திய பெண்கள் ஏராளம். ஐ.நா. சரிபார்த்த 19,602 போராளிகளில் 3,846 பேர் பெண்கள். ஆனால் 2006-இல் இடைக்கால அரசியலமைப்பை எழுத முதலில் அமைத்த குழுவில் ஒரு பெண்கூட இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு கிடைத்த ஒவ்வொரு இடமும் அப்படிக் கேட்டு வாங்கியதுதான்.

வாங்கியதும் சிறிதல்ல. 2008 அரசியல் நிர்ணய சபையின் 601 பேரில் 197 பேர் பெண்கள். 2017 உள்ளாட்சித் தேர்தலில் வார்டுக்கு இரண்டு பெண்கள், அதில் ஒருவர் தலித் என்று சட்டமே கட்டாயமாக்கியது. 6,000-க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் உறுப்பினர்களானார்கள். குடிநீர்க் குழாயைத் தொட விடாத ஊர்களில், அந்தக் குழாயை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்கள் உட்கார்ந்தார்கள். இந்த ஒன்றுக்காகவே இடஒதுக்கீட்டை நான் ஆதரிப்பேன்.

கோளாறு மேலே இருக்கிறது. உள்ளாட்சியின் தலைவர், துணைத் தலைவர் (நகராட்சியில் மேயர், துணை மேயர்) இரண்டு பதவிக்கும் ஒரு கட்சி ஆள் நிறுத்தினால், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எந்தப் பதவிக்கு என்று சொல்லவில்லை. கட்சிகள் பெண்களைத் துணைப் பதவிக்கே தள்ளின. 2017-இல் 753 உள்ளாட்சிகளில் பெண் தலைவர்கள் 18 பேர். துணைத் தலைவர்கள் சுமார் 700 பேர்!

துணைப் பதவி வெறும் அலங்காரமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளாட்சி நீதிக் குழுவை நடத்துபவர் அவர்தான். வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர், கொடுக்காத கூலி, காணாமல்போன மாடு, கணவன் மனைவி சண்டை எல்லாம் அவர் முன்னால்தான் வரும். சட்டம் படிக்காத பெண்களும் இந்த வழக்குகளைக் கேட்டுக் கேட்டே தேர்ந்தார்கள். அப்படித் தேர்ந்தவர்களை அடுத்த தேர்தலில் தலைவராக நிறுத்தியிருக்க வேண்டாமா? 2022-இல் கட்சிகள் கூட்டணி வைத்தன. ஆளுக்கொரு பதவிக்கு மட்டும் வேட்பாளரை நிறுத்தியதால் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. பெண் துணைத் தலைவர்களின் எண்ணிக்கையும் சரிந்தது. நாடாளுமன்றத்திலும் இதே கதைதான்: அந்த ஆண்டு நேரடித் தேர்தலில் 165 தொகுதிகளில் வென்ற பெண்கள் 9 பேர். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்ற கணக்கை விகிதாச்சாரப் பட்டியலை வைத்து நிரப்பினார்கள். அந்தப் பட்டியலில் யார் பெயர் இருக்கும் என்பது கட்சித் தலைமையின் கையில்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் தலைவர் பதவியே பெண்களுக்குச் சுழற்சி முறையில் ஒதுக்கப்படுகிறது. கணவர்கள் பின்னாலிருந்து நடத்தும் குறை இங்கே உண்டு; ஆனாலும் நாற்காலி பெண்ணுடையது. நேபாளமும் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கையாவது இப்படி ஒதுக்க வேண்டும். இருவரில் ஒருவர் பெண் என்ற விதி கூட்டணிக்கும் பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.