வெட்டும் சார்பும்: ‘மான்ஸ்டர் மூவி’ காணொளியில் சட்டக வகைகளின் அழகியல்

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படத் திறனாய்வில் சட்டகம் என்பது தன்னளவில் முழுமை பெற்ற படமாகவே கொள்ளப்படுகிறது. சுருக்கப்பட்ட எண்மக் காணொளிக்கு இக்கருத்து பொருந்தாமையை டகேஷி முராட்டாவின் ‘மான்ஸ்டர் மூவி’ (2005) வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சட்டகம், படத்தொகுப்பு, காணொளிச் சுருக்கம், டேட்டாமோஷிங்.

முன்னுரை

படச்சுருளில் நொடிக்கு 24 சட்டகங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் தனிப்படம். எவ்விரு சட்டகங்களுக்கு இடையிலும் வெட்டி ஒட்டலாம். காட்சித்துண்டுகளின் மோதலில் பொருள் பிறக்கிறது என்ற ஐசன்ஸ்டைனின் கோட்பாடு, துண்டுகள் தனித்து நிற்கவல்ல இவ்வூடகத்தின் மீதே எழுந்தது.

சட்டக வகைகள்

1993இல் வெளியான எம்பெக்-1 தரமும், 2003இல் வந்த எச்.264 தரமும் மூவகைச் சட்டகங்களைக் கையாளுகின்றன. முதல்வகை முழுப்படத்தையும் தன்னுள் கொண்டது. இரண்டாம் வகை, முன்னர் விரிக்கப்பட்ட சட்டகத்தின் பகுதிகள் எத்திசையில் எவ்வளவு நகர்ந்தன என்பதையும் எஞ்சிய வேறுபாட்டையும் மட்டுமே பதிகிறது. மூன்றாம் வகை முன்னும் பின்னும் உள்ள சட்டகங்களைச் சார்ந்தது. ஆதலின் சேமிப்பு வரிசையும் காட்சி வரிசையும் வேறுபடுகின்றன.

ஆங்கிலத்தில் இவை ஐ, பி, பி என்னும் எழுத்துகளால் சுட்டப்படுகின்றன. தமிழில் பின்னிரண்டும் ஒரே வடிவம் பெற்று வேறுபாடு மறைந்துவிடுகிறது. எனவே தற்சார்புச் சட்டகம், முற்சார்புச் சட்டகம், இருபுறச் சார்புச் சட்டகம் என வழங்குதல் தகும்.

மறுகுறியாக்கம் செய்யாமல் வெட்டும்போது புதிய துண்டு தற்சார்புச் சட்டகத்தில் தொடங்க வேண்டும். இடையில் வெட்டினால் சார்புச் சட்டகங்கள் தம் ஆதாரத்தை இழக்கின்றன. புரோரெஸ் போன்ற தொகுப்பு வடிவங்கள் எல்லாச் சட்டகங்களையும் தற்சார்பாகவே வைப்பதால் இவ்விடர் அவற்றில் எழுவதில்லை.

‘மான்ஸ்டர் மூவி’

முராட்டா 1981இல் வெளிவந்த ‘கேவ்மேன்’ திரைப்படக் காட்சிகளை எடுத்து இச்சார்பையே கலையாக்குகிறார். தற்சார்புச் சட்டகம் அகற்றப்படும்போது, புதிய காட்சியின் அசைவு பழைய காட்சியின் வண்ணங்களை இழுத்துச் செல்கிறது. உரோமம் அடர்ந்த கொடுவிலங்கு வண்ணக் குழம்பில் கரைகிறது, மீண்டும் திரள்கிறது. உருவம் ஒரு காட்சிக்கும் அசைவு மற்றொரு காட்சிக்கும் உரியனவாகின்றன. இங்கு வெட்டு உண்டு. ஆனால் மோதல் இல்லை. முந்தைய காட்சி மறைய மறுத்து அடுத்ததன் உடலாகிறது.

இதனைத் தற்செயலான பழுதாகக் காண்பது போதாது. எச்சட்டகத்தை நீக்குவது, எவ்வசைவை எதன்மேல் செலுத்துவது என்னும் தெரிவுகளே படைப்பின் தொகுப்புமுறை ஆகும். 2009இல் கான்யே வெஸ்ட்டின் ‘வெல்கம் டு ஹார்ட்பிரேக்’ இசைக்காணொளியில் இவ்வுத்தி பெரிதும் காட்சிமாற்ற அணியாகவே பயன்படுகிறது. கரைந்த உருவம் விரைவில் பாடகரின் தெளிவான முகமாக மீள்கிறது. முராட்டாவிடம் அத்தகைய உறுதி இல்லை. உருவம் நிலைக்குமா என்ற ஐயமே அவரது படைப்பின் பொருள்.

முடிவுரை

சட்டகத்தைத் தனித்த அலகாகக் கொண்டு காட்சித்துண்டுகளைப் பகுக்கும் திறனாய்வு, திரையில் தோன்றுவதை விளக்கும். கோப்பில் நிகழ்வதை விளக்காது. சுருக்கத்தையே பொருளாக்கும் படைப்புகளில் இவ்விரண்டும் பிரிக்கவியலாதவை. ஆகவே ‘வெட்டு’ என்னும் கலைச்சொல்லுடன் ‘சார்பு’ என்பதும் எண்மக் காணொளித் திறனாய்வில் இடம்பெற வேண்டும்.