ஐடிலிங் கேட்கத் தெரிந்தவர்கள்

நல்ல மெக்கானிக் ஒருவர் பழைய காரின் பானெட்டைத் தூக்கியதும் எதையும் தொடமாட்டார். இஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் நிற்பார். ஆர்.பி.எம். முள் ஏறி இறங்குகிறதே என்று வண்டிக்காரர் பதறிக்கொண்டிருக்க, இவர் அந்த ஏற்ற இறக்கத்தின் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிப்பது அந்த நிதானத்தைத்தான்.

ஓட்டத்தில் ஒளிந்துகொள்ளும் கோளாறெல்லாம் ஐடிலிங்கில் அம்பலமாகிவிடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. ஐடில் வால்வு விடுகிற கொஞ்சக் காற்றை வைத்துத்தான் இஞ்சின் 750, 800 சுற்றில் ஓடியாக வேண்டும். குடத்துத் தண்ணீரில் விழுந்த கல் உப்பு தெரியாது. டம்ளரில் விழுந்தால் கரிக்கும். நெடுஞ்சாலையில் பொருட்டே இல்லாத ஒரு ஹோஸ் கீறல், சிக்னலில் நிற்கும்போது வண்டியையே உலுக்குவது அதனால்தான்.

தாளம் என்றேன். ஒழுங்கில்லாமல் வெட்டி வெட்டி நடுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக்கையும் ஒயரையும் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது மட்டும் தடுமாறினால் டெம்பரேச்சர் சென்சார் மேல் சந்தேகம் போகும். அளந்து வைத்தாற்போல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் அது 'ஹண்டிங்'. ரசிக்கத்தக்க நோய் அதுதான். எங்கிருந்தோ கூடுதல் காற்று நுழைந்து சுற்று 1500ஐத் தாண்டுகிறது. த்ராட்டில் மூடியிருக்கிறது, சுற்றோ அதிகம். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார் என்று இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் முடிவு செய்து பெட்ரோலை நிறுத்துகிறது. சுற்று சரிகிறது. அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோலைத் திறக்கிறது. மறுபடி ஏறுகிறது. கம்ப்யூட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் முள் ஆடுகிறது என்பதைப் புரிந்துகொண்டவர், அதைக் கழற்றி மாற்றச் சொல்லமாட்டார்.

1980களிலும் 90களிலும் வந்த பல ஹோண்டா இஞ்சின்களில் இதற்கு அழகான ஓர் உதாரணம் உண்டு. த்ராட்டில் பாடியின் அடியில் மெழுகு அடைத்த சிறு வால்வு ஒன்று இருக்கும். இஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது திறந்து கூடுதல் காற்று விடும். சூடான கூலன்ட் அதைச் சுற்றி ஓடியதும் மெழுகு விரிந்து வால்வை மூடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தாலோ, குழாயில் காற்று அடைத்துக்கொண்டாலோ சூடு அதை எட்டாது, வால்வும் மூடாது. நோய் தெரிவது ஆர்.பி.எம். முள்ளில், காரணம் இருப்பது ரேடியேட்டரில். கண்டுபிடிக்க ஒரு விரல் போதும்: இஞ்சின் நன்றாகச் சூடான பின் காற்றுக் குழாயைக் கழற்றி, த்ராட்டிலின் வாய்க்குள் அந்த வால்வுக்குப் போகும் துளையை மூடிப் பார்ப்பார்கள். துளை விரலை இழுத்துப் பிடித்து, சுற்றும் இறங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கால ஹோண்டாக்களில் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள இரண்டு முனைகளை இணைத்தால் இஞ்சின் விளக்கு மினுக்கி மினுக்கிக் கோளாறு எண்ணைச் சொல்லும். 6 என்றால் டெம்பரேச்சர் சென்சார், 14 என்றால் ஐடில் வால்வு. ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது மின்சாரம் மட்டுமே. ரப்பர் ஹோஸில் விழுந்த கீறலுக்கு அதனிடம் எண் கிடையாது. அங்கே ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்க்கும் கையும், சீறலைப் பிடிக்கும் காதும் வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது ஒரே இடத்தில். த்ராட்டில் தகடு நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கும் சிறு திருகாணியைத் தொழிற்சாலையிலேயே அமைத்து விடுகிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் அதைத் திருகி ஐடிலிங்கை ஏற்றிவிடும் கைகள் உண்டு. திருகினால் தகடு சற்றே திறந்து நிற்கும். பெடல் அழுத்தப்பட்டிருப்பதாக சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் ஐடில் கட்டுப்பாட்டுக்கே வராமல் போகலாம். பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக ஒன்று சேர்கிறது. அடுத்து வரும் மெக்கானிக் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

உங்கள் பழைய காரின் முள் ஆடத் தொடங்கினால் எந்தப் பாகத்தையும் உடனே வாங்கிவிடாதீர்கள். இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். பிறகு, கேட்கத் தெரிந்த ஒருவரிடம் வண்டியைக் கொடுங்கள்.