பணம் கொடுத்து அனுப்புவதா, பணியில் வைத்துக்கொள்வதா?

எஸ்.எஸ்.பி. என்ற மத்தியப் படையின் காவலர் ஒருவருக்குப் பணியின்போது காலில் அடிபட்டு, கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவ வாரியம் தகுதியில்லை என்று எழுத, இயலாமை ஓய்வூதியத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஓய்வூதியம் தந்துவிட்டதால் வேலை தரும் கடமை தீர்ந்துவிடாது என்றது. அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் மிகைப் பணியிடமாவது உருவாக்க வேண்டும் என்று 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொன்னது. இன்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20(4) பிரிவும் அதையே சொல்கிறது. பணியில் ஊனமுறும் அரசு ஊழியருக்கு இழப்பீடு, ஓய்வூதியம், சம்பளம் ஆகிய மூன்றில் சம்பளம்தான் முதலில் வர வேண்டும் என்பதே என் வாதம்.

மொத்தத் தொகையாகத் தரும் இழப்பீட்டுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. முதலாளியின் தவறைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்த இந்தச் சிறப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்தச் சட்டப்படி கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40 வயதுத் தொழிலாளியின் கட்டைவிரல் போனால் வருவாய்த் திறன் இழப்பு 30 சதவீதம். சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும், 2020இல் உயர்த்திய உச்சவரம்புப்படி மாதம் 15,000 ரூபாய்தான் கணக்கில் வரும். அதில் 60 சதவீதத்தை வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் 4,97,259 ரூபாய். கைமுதலாக வைத்துக் கடை போடலாமே என்பார்கள். போடலாம்தான். ஆனால் விலைவாசி ஏறும்போது சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அகவிலைப்படி கூடுகிறது. இந்தத் தொகையோ வாங்கிய அன்றோடு நின்றுவிடுகிறது.

அதற்காகப் பணிப் பாதுகாப்பில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சட்டம் காப்பது ஊதிய விகிதத்தை. குடும்பம் நம்பியிருப்பது மாதாமாதம் கைக்கு வரும் மொத்தத் தொகையை. ரயில்வேயின் லோகோ பைலட்டை எடுத்துக்கொள்வோம். வண்டி ஓட்டும் தூரத்துக்கு ஏற்ப அவருக்கு ரன்னிங் அலவன்ஸ் கிடைக்கிறது. கண்பார்வை குறைந்து மருத்துவச் சோதனையில் தகுதி இழந்தால் அவரை ஓரிடத்தில் இருந்து பார்க்கும் வேலைக்கு மாற்றுகிறார்கள். அடிப்படைச் சம்பளத்தோடு 30 சதவீதம் சேர்த்துப் புதுச் சம்பளம் நிர்ணயமாகிறது. கிலோமீட்டர் கணக்கில் வந்த பணம் நின்றுவிடுகிறது. ஓட்டாதவருக்கு ஓட்டுப்படி எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லோகோ பைலட்டாகவே ஓய்வு பெறுபவரின் ஓய்வூதியத்தைக் கணக்கிடும்போது அடிப்படைச் சம்பளத்தில் 55 சதவீதத்தைச் சேர்ப்பது ரயில்வேதான். வெறும் வழிச்செலவு என்றால் அதை ஓய்வூதியத்தில் சேர்ப்பானேன்? தகுதி இழப்புக்குப் பணியே காரணமென்றால் அந்த 55 சதவீதம் அவருக்கும் பொருந்துவதே நியாயம்.

மிகைப் பணியிடம் வரிப்பணத்தை வீணாக்குகிறது என்ற எதிர்ப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது. வேலை எதுவும் ஒதுக்காமல் ஒருவரை நாற்காலியில் உட்கார வைப்பது அவருக்கும் அவமானம். ஆனால் சட்டம் மிகைப் பணியிடத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. தகுந்த மாற்றுப் பணியைத் தேட வேண்டியது நிர்வாகம். எந்தெந்தப் பணியிடங்களைப் பார்த்தோம், ஏன் அவை பொருந்தவில்லை என்பதை உத்தரவிலேயே எழுதச் செய்தால், அந்தத் தேடல் நடந்ததா என்பது ஊழியருக்கும் தெரியும், தணிக்கைக்கும் தெரியும்.