800 என்கிற எண்

மடவார் வளாகத்துல மார்கழி விடியலுக்கே ஒரு துண்டு போதும். கொடைக்கானலுக்கோ டெல்லிக்கோ கிளம்பும்போதுதான் ஜாக்கெட் தேடுறோம். '800 ஃபில் பவர்' என்று பார்த்ததும் குளிர் தாங்கிவிடும் என நம்பிவிடுகிறோம். ஒரு அவுன்ஸ் வாத்துத் தூவி எத்தனை கன அங்குலம் உப்பும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் அதற்கு அர்த்தமில்லை. தூவி நனைந்தால் கட்டிதட்டிப் போகும். காற்றைப் பிடித்து வைக்காது. லடாக்கின் வறண்ட குளிருக்கு அது அருமை. கொடைக்கானல் மூடுபனிக்கும் சாரலுக்கும் பாலியஸ்டர் பஞ்சு வைத்ததே மேல். கொஞ்சம் கனம்தான், ஆனா ஈரத்திலும் ஓரளவு கதகதப்பு தரும், துவைப்பதும் சுலபம். நகரத்தில் பஸ் ஏறினதும் கழற்றி மடித்துப் பையில் வைக்க வேண்டியதுதான், அதனால் மெல்லியதே போதும். எண்ணைப் பார்த்து வாங்காதீங்க, போற ஊரைப் பார்த்து வாங்குங்க.