இலை கொள்ளாத மேசை

புதுச்சேரியில் தமிழர்கள் வாழ்ந்த தெருக்களின் பழைய மாடி வீடுகள் இரண்டு நாகரிகங்களை ஒரே சுவருக்குள் வைத்திருப்பவை. கீழே திண்ணை, மரத்தூண், தாழ்வாரம், முற்றம். மேலே வளைவுச் சன்னலும் சுவரோடு ஒட்டிய தூண்களுமாகப் பிரெஞ்சுச் சாயல். வைசியாள் தெருவில் இத்தகைய வீடுகளைச் சீரமைத்த பணி 2008இல் யுனெஸ்கோ விருது பெற்றது. இன்று புதுச்சேரியில் பழைய வீடுகள் பல உணவகங்களாகியிருக்கின்றன. இடிபடவிருந்த எத்தனையோ வீடுகள் அதனால் பிழைத்தன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கலப்பு எங்கே கைகூடுகிறது என்பதற்குத் தரையைப் பார்த்தால் போதும். சிமெண்டில் பூ வேலைப்பாடு செய்த தரை ஓடு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா தந்த நுட்பம். அது செட்டிநாட்டு ஆத்தங்குடிக்கு வந்து உள்ளூர் மணலோடு சேர்ந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. மிதிக்க மிதிக்கப் பளபளப்பு ஏறும். வெயில் காலத்திலும் காலுக்குக் குளிர்ச்சி. 1859இல் வியன்னாவின் தோனெட் நிறுவனம் கொண்டுவந்த வளைமர நாற்காலியும் இப்படித்தான் மும்பையின் இரானித் தேநீர்க் கடைகளில் இயல்பாகப் பொருந்தியது. பிரம்புப் பின்னல் இருக்கையில் காற்று புகும், வேர்க்காது. வந்த பொருள் இந்த வெயிலுக்கு உழைத்ததால்தான் நிலைத்தது.

இந்த உணவகங்களில் அப்படி உழைக்காத பொருள்களும் ஏராளம். எங்கோ பெயர்த்தெடுத்த நிலைக்கதவு சுவரில் படமாகத் தொங்குகிறது. வெப்பக் காற்றை மேலே அனுப்பவே திறந்து வைத்த முற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டு, உள்ளே ஏசி ஓடுகிறது. வழவழத்த தரையும் உயர்ந்த கூரையும் ஒலியைத் திருப்பி அடிப்பதால், கூட்டம் நிறைந்த இரவில் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழுவதில்லை. திரைச்சீலையும் மெத்தையிட்ட இருக்கையும் அந்த இரைச்சலைப் பெருமளவு தணிக்கும். படத்தில் அழகாகத் தெரிவதற்காகப் பலர் கூடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

பெரிய குறை மேசையில் இருக்கிறது. பாரிஸ் காபிக் கடைகளின் பளிங்குப் பலகை வட்ட மேசை ஒரு கோப்பைக்கும் சிறு தட்டுக்கும் அளவெடுத்தது. அதை இங்கே கொண்டுவந்து இருவருக்கு இலை போட்டால் நுனி வெளியே தொங்கும், ரசம் வழியும், பொரியல் கிண்ணத்துக்கு இடமிருக்காது. வடிவமைப்பாளர் உணவுப் பட்டியலைப் பார்க்காமலே மேசை வாங்கியிருக்கிறார் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. நீள மேசையும் ஐரோப்பிய மரபில் உள்ளதுதான். பந்தி வரிசைக்கும் அது ஒத்துப்போகும்.

கை கழுவும் இடமும் அப்படியே. கையால் பிசைந்து உண்ணும் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, எழுந்தவரைக் கழிப்பறைக்கு வழிகாட்டுகிறார்கள். பழைய வீட்டில் முற்றத்து ஓரம் தண்ணீர் அண்டாவும் சொம்பும் இருந்தன. அதே மூலையில் பீங்கான் தொட்டி ஒன்றும் குழாயும் வைக்க இடமும் உண்டு, தண்ணீர் வடியும் வழியும் ஏற்கெனவே உண்டு.